தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு

மாங்குளம் மில்காரர் எனக்கு வைத்த பட்டம் கிராம்.
தராசுக்கு ஈய முத்திரை குத்துவது என் உத்தியோகம்.
மீன் வாடி, பெற்றோல் பம்ப், மரக்காலை,
கிளிநொச்சிக்கும் ஓமந்தைக்கும் இடையில்
நிறுக்கிற எதுவும் என் கைபட்டுத்தான் நிறுக்கும்.
கிளைடர்காரர் என்னைத் தேடி வந்தது அதனால்தான்.
"பறக்கத் தெரிய வேண்டாம் அக்கா,
சீல் வைக்கத் தெரிஞ்சால் காணும்" என்றான் எட்மன்.

அப்படித்தான் நான் உயரத்துக்கும் சாட்சியானேன்.

விதிப்புத்தகத்தை இரண்டு இரவில் படித்தேன்.
வெள்ளிச் சின்னத்துக்கு ஆயிரம் மீற்றர் ஏற வேண்டும்.
தரையிலிருந்து அல்ல.
வின்ச் கயிற்றைக் கழற்றிய பிறகு
எங்கே ஆகத் தாழ்ந்தாயோ, அங்கிருந்து.
தாழ்வு முன்னால், உச்சி பின்னால்.
கயிறு கொடுத்த உயரம் உன்னுடையதல்ல.
இந்த இடத்தில் பென்சிலால் கோடிட்டேன்.
பதிவு நடுவில் அறக்கூடாது.
சும்மா ஜீ.பி.எஸ். என்றால் நூறு மீற்றர் கூடக் காட்டு.
விமானியின் சொல் ஆதாரமாகாது.
கீழே நின்று பார்த்தவளின் கண்ணும் ஆகாது.

அதில் கொஞ்ச நேரம் நின்றேன்.
முன்பொருமுறை, வேறொரு படிவத்தில்,
தம்பியைப் பற்றிய படிவத்தில்,
ஆதாரம் என்ற கட்டத்துக்குள்
பஸ்ஸில் ஏற்றினதைக் கண்டனான் என்று எழுதினேன்.
எழுதுவினைஞர் பேனாவால் கட்டத்தைத் தட்டி
வேற ஏதும் இருக்கோ என்றார்.

சரி. அது வேறு புத்தகம்.

ஆவணி. கச்சான் அன்று ஏனோ ஓய்ந்திருந்தது.
வவுனிக்குளத்துக்கு மேற்கே கிரவல் ஓடுபாதை.
மிதுலாவின் பெட்டி சவர்க்காரக் கட்டி அளவு.
கம்பி கோத்து, ஈயம் நசுக்கி, இலக்கம் எழுதி
இருக்கைக்குப் பின்னால் கட்டினேன்.
எட்டிப் பார் என்றேன். எட்டினாள்.
அவிழ்த்து ஒரு சாண் தள்ளிக் கட்டினேன்.

பதினொன்று நாற்பத்திரண்டு.
லொறி எஞ்சின் உறுமிக் கயிற்றைச் சுருட்டியது.
சிறுபோகம் அரிந்த வயலுக்கு மேல் இரண்டு பருந்து,
அவற்றுக்கு மேல் அவள்,
பாலை மரங்களுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கீறல்,
பிறகு கீறலும் இல்லை.
ஒன்றே கால் மணித்தியாலம்
குறிப்புப் புத்தகத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

"ஆயிரத்து நானூறு தொட்டனான், முள் காட்டினது!"
முள்ளுக்கு முத்திரை இல்லை.
ஈயத்தைச் சரிபார்த்து வெட்டினேன்.
தாழ்வு முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
உச்சி ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்று.
கழித்தேன். எட்மன் கழித்தான். நான் மறுபடி கழித்தேன்.
தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

"பன்னிரண்டு மீற்றர். ஒரு தென்னை காணாது."
மில்காரரும் இப்படித்தான், ஒரு பிடி நெல்லுக்கு.
மிதுலா ஒன்றும் சொல்லவில்லை.
போத்தலில் பாதியைக் குடித்து
மீதியைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டாள்.

ஆனால் தராசையும் நிறுக்க வேண்டும்.
பெட்டியின் அளவுத்திருத்தச் சான்று காலாவதி.
பறந்த பிறகும், குறித்த நாளுக்குள், எடுக்கலாம் என்றது விதி.
கொழும்புக்குப் போய்வரப் பதினேழு நாள்.
அங்கே குடுவைக்குள் பூட்டிக் காற்றை உறிஞ்சினார்களாம்.
மேசையை விட்டு அசையாமல்
பெட்டி இன்னொருமுறை ஏறியிருக்கிறது.

அட்டவணை வந்தது.
நானூறு மீற்றரில் இரண்டு குறைத்துச் சொல்லும்.
ஆயிரத்து நானூறில் பதினேழு குறைத்துச் சொல்லும்.
தன் பிழை எவ்வளவு என்று
தாளில் கொண்டுவந்த சாட்சியை
இந்த உத்தியோகத்தில் தராசுகளில் கண்டிருக்கிறேன்.
வெளியே கண்டதில்லை.

ஆயிரத்து மூன்று.
கையெழுத்து வைத்தேன். ரப்பர் முத்திரை தலைகீழாய் விழுந்தது.
பக்கத்தில் நேராக இன்னொன்று குத்தினேன்.

போன் எடுத்தேன். பின்னால் உழவு மெஷின் சத்தம்.
"அப்ப மூண்டு மீற்றர் மிச்சமோ?"
ஓம் என்றேன்.
"மிச்சத்தை என்ன செய்யிறது?"
விதியில் அதைப்பற்றி இல்லை என்றேன்.
போனை வைத்த பிறகும்
புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.